காலையில் விழாத மீன்கள்

எங்கள் வீட்டில் "மீன் விழுந்தா?" என்று கேட்டால் அதற்கும் அடுக்களைக்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட் காயப்போடும் தகரச் சாய்ப்பில் ஒரு பின்பால் மெஷின் நிற்கிறது. அதன் பலகையில் வலது ஓரமாக ஐந்து பிளாஸ்டிக் துண்டுகள் வரிசையாக நிமிர்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் மீன் படம். உருண்டு வரும் இரும்புப் பந்து பட்டால் அந்தத் துண்டு பலகைக்கு அடியில் இறங்கி மறைந்துவிடும். அதுதான் மீன் விழுவது. திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து, நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, வெள்ளறடைக்கு வந்து வீட்டுப் படி ஏறும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். அம்மா வாய் திறக்கும் முன்பே முகத்தில் பதில் தெரிந்துவிடும்.

மெஷினைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியன். ஓட்டல்காரர்கள் விளையாட்டு அறையைக் கலைத்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களில் இதுவும் ஒன்று. மாமா அதைப் பிக்கப் வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே மாமி வாசலிலேயே தடுத்துவிட்டதால் வண்டி அப்படியே எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

கால்களைக் கழற்றி, துணி சுற்றி இறக்கிய அந்த நீளப் பெட்டியை அம்மா சுற்றிவந்து பார்த்தாள்.

"எலே, இது என்ன சவப்பெட்டியா?"

"அக்கா, நீ வாய வச்சிட்டு சும்மா இரி. வெளிநாட்டு சாதனமாக்கும்."

"செரி. வெளிநாட்டுச் சவப்பெட்டி."

உள்ளே கட்டிலில் கிடந்த அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். அவர் சிரித்துக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஒருபக்கமாகச் சரிந்தார். நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, இடது கை மட்டும் பின்தங்கியது. ஆட்டோ ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டோவில் இடது கைதான் எல்லாம். கிளட்ச் லிவரை இடது கைவிரல்களால் அமுக்கிப் பிடித்து, அதே கையால் கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். அப்பாவின் ஆட்டோ பலாமரத்தடியில் நீலத் தார்ப்பாய்க்குள் நின்றது. கொல்லயில் ஊரிலிருந்து ஒருவர் அதை விலைக்குக் கேட்டு அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார்.

விரல் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். அப்பா அதைத் தொடவில்லை. "பந்து பிதுக்க நான் என்ன பிள்ளையா" என்பார். ஆனால் மாமா மெஷினை நிறுத்தி, வயரைக் கொடுத்து, விளக்குகள் எரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ப்புவரை நடந்து வந்தார். மாமா முதல் பந்தை விட்டார். அது மேலே போய், எங்கெங்கோ தட்டி, இடது பக்கமாகக் கீழே சரிந்து வந்தது. மாமா வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடது கை போய் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பட்டனை அமுக்கியது. கீழேயிருந்த சிறு மட்டை துள்ளிப் பந்தை அடித்தது. அப்பா தன் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா படித்தவள். ஆஸ்பத்திரிகளில் உள்ள ரத்த அழுத்தக் கருவிகள், எடை பார்க்கும் மெஷின்கள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் வேலை. கருவியைச் சரிபார்க்காமல் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அங்கே சேர்ந்த முதல் நாள் சொல்லித் தரும் பாடம். ஆகவே அடுத்த விடுமுறையில் பலகையைத் தூக்கி நிறுத்தி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

மேலே பார்ப்பதற்குத் திருவிழாக் கடை போலிருக்கும் பலகை, அடியில் வயரும் கம்பி சுற்றிய மின்காந்தக் காயிலும் நிறைந்த வேறொரு ஊர். இலக்குகள் இரண்டு வகை. ஒன்று நிற்கும் இலக்கு. பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொடாமல் நிற்கும். பந்து இடித்ததும் முன் தகடு வளைந்து பின் தகட்டைத் தொடும், எண்ணிக்கை ஏறும், தகடு பழையபடி நிமிரும். அது எவ்வளவு அடித்தாலும் நின்ற இடத்தில் நிற்கும்.

இரண்டாவது வகைதான் எங்கள் மீன்கள். ஒவ்வொரு மீனுக்கும் பலகைக்கு அடியில் ஒரு நீண்ட தண்டு உண்டு. தண்டின் முதுகில் ஒரு சிறு வெட்டு. அந்த வெட்டு ஒரு இரும்புப் படியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பதால்தான் மீன் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு ஸ்பிரிங் அதை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதாவது மீன் எந்நேரமும் விழத்தான் பார்க்கிறது, ஒரு நகக்கண் அளவு விளிம்புதான் அதைத் தாங்குகிறது. பந்து முகத்தில் பட்டதும் மீன் கொஞ்சம் பின்னால் சாயும், வெட்டு படியை விட்டு விலகும், ஸ்பிரிங் இழுத்துவிடும். கீழே வந்த தண்டு ஒரு சுவிட்சைத் தொட்டு, நான் விழுந்துவிட்டேன் என்று சொல்லும். ஐந்து மீனும் விழுந்ததாகச் சுவிட்சுகள் சொன்ன பிறகு ஒரு பெரிய காயில் 'டமார்' என்று இழுத்து, ஒரே சட்டத்தால் ஐந்தையும் தூக்கிப் பழையபடி படிமேல் உட்காரவைக்கும்.

எல்லாவற்றையும் துடைத்து, தளர்ந்த ஒரு ஸ்பிரிங்கை மாற்றி, சுவிட்சுகளைச் சுத்தம் செய்தேன். மீன்கள் ஒழுங்காக விழுந்தன, ஒழுங்காக எழுந்தன.

இன்னொன்றும் கவனித்தேன், அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மட்டையை அசைக்கும் பட்டன் வெறும் சுவிட்ச். லேசாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் காயில் அடிக்கும் அடி ஒன்றேதான். பந்து போகும் வேகத்துக்கும் விரலின் பலத்துக்கும் சம்பந்தமில்லை. எப்போது அமுக்குகிறோம் என்பது மட்டுமே நம் கையில்.

ஏன் சொல்லவில்லை என்றால், அப்பா அதற்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருந்தார். மீன்கள் வலது ஓரத்தில் நிற்பதால் அவற்றை அடிக்க இடது மட்டைதான் வேண்டும், இடது மட்டைக்கு இடது கை. "ஒரே பந்தில அஞ்சு மீனும் விழட்டும் மக்கா. அன்னைக்கு ஆட்டோக்க தார்ப்பாய எடுக்கேன்" என்றார். காலைக் கஞ்சிக்கு முன்பு சாய்ப்பில் நின்று ஆடுவது பழக்கமானது. முதலில் ஒன்று விழுந்தது. பிறகு இரண்டு. ஒருநாள் நான் ஆபீசில் இருந்தபோது அம்மா போன் செய்து, "நாலு!" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு தனு மாதம் பிறந்தது. எல்லைக்கு அப்பால் அதை மார்கழி என்பார்கள். மலையிலிருந்து காற்று இறங்கி, குளியலறையிலிருக்கும் எண்ணெய்ப் பாட்டிலை அம்மா வெயிலில் எடுத்து வைக்க ஆரம்பிக்கும் காலம். மீன்கள் விழுவது நின்றது.

"மக்கா, இன்னைக்கும் ஒண்ணும் விழல்லே" என்று அம்மா போனில் சொன்னாள். "அப்பா கஞ்சி குடிக்காம போயி கெடக்காரு."

"பந்து மீன்ல படுதா, படாம போவுதா?"

"படுதே! டொம்முன்னு படுது. பட்டுட்டுத் திரும்பி வந்திருது. மீன் அங்ஙனயே நின்னு சிரிக்கு."

அன்று சாயங்காலம் பையைக்கூட இறக்காமல் சாய்ப்புக்குப் போனேன். நான் அடித்தேன். மீன் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஐந்தையும் விரலால் தட்டிப் பார்த்தேன், ஐந்தும் சட்டென்று இறங்கின. பலகையைத் தூக்கிப் பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். தண்டுகளும் படிகளும் புதிதுபோல மின்னின. திருப்தியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அப்பாவுக்கு ஒன்றும் விழவில்லை.

அடுத்து வந்த நாட்களும் இப்படியே போயின. சாயங்காலம் எனக்கு விழும், காலையில் அவருக்கு விழாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணங்களை விரல்விட்டு அடுக்குவேன். சுண்டுவிரல்: மின்சாரம். மோதிரவிரல்: சுவிட்ச் அழுக்கு. நடுவிரல்: படியின் விளிம்பு தேய்ந்திருப்பது. ஆள்காட்டி: ஸ்பிரிங். கட்டைவிரலை மடக்குவதற்கு முன் பாறசாலைப் பக்கம் போகும் பஸ்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். கட்டைவிரல் அப்பாவின் கை.

ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கமாகப் போனது. எங்கள் ஊரில் சாயங்காலம்தான் வோல்டேஜ் இறங்கும், பல்பு மஞ்சளாகும். அப்படியானால் சாயங்காலம்தானே காயில் சோர்ந்து, பந்து மெதுவாகப் போய், மீன் விழாமல் நிற்க வேண்டும்? காலையில் வோல்டேஜ் நன்றாக இருக்கிறது, பந்து வேகமாகத்தான் போகிறது. சுவிட்ச் அழுக்காக இருந்தால் மீன் விழும், எண்ணிக்கை ஏறாது. இங்கே மீனே விழவில்லை. படி தேய்ந்திருந்தால் மீன் தொடாமலே விழும். இது தொட்டும் விழவில்லை. ஸ்பிரிங் கெட்டிருந்தால் சாயங்காலமும் கெட்டதுதான்.

மிச்சமிருப்பது கட்டைவிரல். ஆனால் அங்கேயும் எனக்குப் பிடிபடவில்லை. பட்டன் வெறும் சுவிட்ச் என்று எனக்குத் தெரியும். பந்து மீனில் படுகிறது என்று அம்மா சொல்கிறாள். பட்ட பிறகு அதில் அப்பாவின் கைக்கு என்ன வேலை? இல்லை, அம்மா தூரத்திலிருந்து பார்த்துத் தப்பாகச் சொல்கிறாளா? கை தளர்ந்து, அவர் நேரம் தப்பி அமுக்கி, பந்து மீனை உரசிக்கொண்டு மட்டும் போகிறதா? நானே காலையில் நின்று பார்க்கலாமென்றால், விடியும்போதே எனக்குப் பஸ். ஞாயிறு காலை கைக்காக நாட்டு வைத்தியரைப் பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாறசாலைக்குப் போய்விடுவோம். திரும்பும்போது உச்சியாகிவிடும், மீன்கள் ஒழுங்காக விழும்.

மாமா ஒரு ஞாயிறு மதியம் வந்து பார்த்தார்.

"வோல்டேஜாக்கும்" என்றார்.

"காலைல வோல்டேஜ் கூடுதலாக்கும் மாமா."

"அப்பம் கூடினதுதான் கேடு."

நான் சிரித்தேன், ஆனால் அன்று முழுவதும் அதையே யோசித்தேன். அவர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருந்தது. மீன் பின்னால் சாய்ந்து நிற்கும் நேரம் கண்ணிமைப்பதிலும் குறைவு. அதற்குள் ஸ்பிரிங் அதைக் கீழே இழுத்துவிட வேண்டும். இழுப்பதற்குள் மீன் முன்னால் துள்ளி வந்துவிட்டால் மறுபடி அதே படியில் உட்கார்ந்துவிடும். பலமாக அடித்தால் பலமாகத் துள்ளும். ஆகவே சில நேரம் மெதுவான அடிக்கு விழுவது பலமான அடிக்கு விழாது. மாமாவிடம் சொல்லி, மட்டைக் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தோம். மறுநாள் பந்து பாதி வழிகூட ஏறவில்லை. அம்மா போனில், "இப்பம் பந்தும் சீக்காயிட்டு" என்றாள். சாயங்காலம் பழையபடி மாற்றி வைத்தேன்.

அந்த வாரம் அப்பா மெஷின் பக்கம் போவதை நிறுத்தினார். நான் காரணம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"கையில ஒண்ணும் இல்லெ மக்கா. பந்து போயி தட்டுது. அதுக்கு உறைக்கல்லெ."

"மெஷின்ல ஏதோ கேடு உண்டுப்பா. நான் பாக்கேன்."

"ஒனக்கு விழுதுல்லா?"

கொல்லயில்காரருக்கு, ஞாயிறு சாயங்காலம் வந்து வண்டியைப் பார்க்கும்படி அப்பா போன் செய்துவிட்டதாக அம்மா அடுக்களையில் வைத்துச் சொன்னாள். தார்ப்பாயை எடுக்காமலே வண்டி போய்விடும் போலிருந்தது.

அந்த ஞாயிறுக்கு முன்னால் ஒரு ஹர்த்தால் வந்தது. எதற்கென்று நினைவில்லை. கேரளப் பஸ்கள் ஓடவில்லை, தமிழ்நாட்டுப் பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிட்டன. ஒரு வேலைநாள் காலையில், பனி விலகாத நேரத்தில், நான் வீட்டில் இருந்தேன்.

"அப்பா, எனக்காக ஒரு பந்து விடுங்க" என்றேன்.

"நீ பந்து களி. நான் பாத்துட்டு நிக்கேன்."

"நீங்க அடிக்கும்பம் எனக்குப் பாக்கணும்."

முனகிக்கொண்டே வந்தார். நான் மெஷினின் வலது பக்கம் போய் கண்ணாடியில் நெற்றி முட்டும்படி குனிந்து நின்றேன். முதல் பந்து நடுவில் இறங்கிப் போய்விட்டது. இரண்டாவது பந்து இடது மட்டைக்கு வந்தது. அப்பா அமுக்கினார். பந்து நேராக வந்து மூன்றாவது மீனின் நடுநெற்றியில் அடித்தது. உரசல் இல்லை, தப்பு இல்லை. என் ஆபீசில் யாராலும் அதைவிட நேராக ஒன்றை அடிக்க முடியாது. மீன் பின்னால் சாய்ந்தது. நான் பார்த்தேன், சாய்ந்தது. பிறகு ஒரு நடுக்கம் நடுங்கி முன்னால் வந்து நின்றுகொண்டது.

"கண்டியா" என்றார் அப்பா. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

கண்ணாடியைக் கழற்றி, அந்த மீனை விரலால் பின்னால் தள்ளிப் பிடித்தேன். நேற்றுச் சாயங்காலம் சட்டென்று இறங்கிய மீன், குளத்தில் முதல் படி இறங்குகிறவர்கள் போல, நின்று நின்று இறங்கியது. நான் குழம்பிப்போனேன். ஒரு இரவில் ஸ்பிரிங் கிழடாகுமா? மற்ற நான்கையும் தள்ளினேன். நான்கும் அப்படியே. இரண்டு வழியிலேயே நின்றுவிட்டன.

பலகையைத் தூக்கி நிறுத்தி உள்ளே விளக்கைப் பிடித்தேன். தண்டுகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சாயங்காலங்களில் நான் பார்த்த மினுமினுப்பு இருந்த அதே இடங்களில். கிரீஸ் என்று நினைத்தேன். நான் கிரீஸ் போடவில்லை. மாமா போட்டாரா? போட்டிருந்தால் சொல்லாமல் இருப்பவரில்லை, பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார். விரலில் கொஞ்சம் வழித்தெடுத்துத் தேய்த்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் அது உருகித் தண்ணீராகிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். அப்பாவின் மணம்.

சாயங்காலமானால் எங்கள் வீடு முழுவதும் வீசும் மணம் அது. தேங்காயெண்ணெயில் வைத்தியர் சொன்ன இலைகளும் வேர்களும் போட்டு அம்மா காய்ச்சி வைத்திருப்பது. தினமும் அடுப்பில் கிண்ணத்தைச் சூடாக்கி அப்பாவின் தோளிலிருந்து விரல் நுனிவரை உருவிவிடுவாள்.

"அம்மா!"

அம்மா முற்றத்திலிருந்து விளக்குமாற்றோடு வந்தாள்.

"இதில எண்ணெ விட்டது ஆரு?"

"நானாக்கும்" என்றாள், கேள்வியே புரியாதவள் போல. "அந்த சாதனம் கீச்சு கீச்சுன்னு அழுதுட்டுக் கெடந்துதுல்லா. அப்பாக்க கைக்குத் தேச்சு மிச்சம் கிண்ணத்தில இருக்கும். களைய முடியுமா? எத்தனை மருந்து போட்டுக் காய்ச்சினது! மீனுக்கு ரெண்டு ரெண்டு சொட்டு விட்டேன்."

"தினமுமா?"

"பின்னே? மருந்துன்னா ஒருநாள் விட்டா போருமா?"

"எந்நேரம் விடுவ?"

"நீ களிச்சுப் பாத்துட்டு மேலு கழுவப் போவும்பம். கண்ணாடி கழத்த நீதானே படிப்பிச்ச, தூசி தொடைக்க."

நான் பார்த்த ஒவ்வொரு சாயங்காலமும் தகரக் கூரையின் வெக்கையில் எண்ணெய் இளகிக் கிடந்தது. இரவுக் குளிரில் அது வெண்ணெய் போல உறைந்து, காலையில் ஐந்து மீன்களையும் படியோடு பிடித்துக்கொண்டது. அடி பட்டு மீன் சாயும், எண்ணெய் அதை உடனே இறங்க விடாது, அதற்குள் துள்ளித் திரும்பிவிடும். அப்பா நேராக, நன்றாக அடிக்க அடிக்க, அது திரும்பி வந்து நிற்பதும் கூடியது. நான் பஸ்ஸில் விரல் மடக்கிய பட்டியலில் எண்ணெய் என்று ஒரு விரல் இருக்கவே இல்லை. எங்கள் வீட்டில் கதவுக் கீல், தையல் மெஷின், கிணற்றுக் கப்பி, தலைமுடி, சுளுக்கு எல்லாவற்றுக்கும் அதே பாட்டில்தான், எனக்கு அது கண்ணில் படாத பொருளாகிவிட்டிருந்தது.

சொன்னேன். பிளாஸ்டிக் தண்டுக்கு எண்ணெய் ஆகாது, அது காய்ந்து கிடந்தால்தான் வழுக்கும் என்றேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா மீன்களைப் பார்த்தார்.

"அப்பம் எனக்க கைக்குள்ளயும் இப்பிடித்தான் உறைஞ்சு கெடக்குமோ?" என்றார்.

"ஒங்க கைக்குச் சூடு உண்டு. அதுக்கு உண்டா?" என்று அம்மா சீறினாள். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பால் ஒரு மீனின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். "நல்லதுக்குத்தான் விட்டேன் மக்கா" என்றாள், என்னிடமா மீனிடமா என்று தெரியவில்லை.

ஐந்து தண்டுகளையும் கழற்றி, ஆஸ்பத்திரிக் கருவிகளுக்காக என் பையில் வைத்திருக்கும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் ஒவ்வொரு தண்டாக எடுத்து என்னிடம் நீட்டினார். கடைசித் தண்டை நீட்டும்போது கேட்டார்.

"இதுவரெ விழாதது எண்ணெக்க குற்றம். செரி. நாளைக்கும் விழல்லேன்னா?"

நான் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். மெஷின் கெட்டிருந்தவரை அவர் கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. கருவி சரியாகிவிட்டால் அது சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். இன்னொரு விஷயமும் மிச்சமிருந்தது. இனியும் அதைச் சொல்லாமலிருப்பது சரியாகப் படவில்லை.

"அப்பா, அந்தப் பட்டன் வெறும் சுவிட்சாக்கும். எத்தனை பலமா அமுக்கினாலும் அடி ஒண்ணுதான். அடிக்கது காயில்."

அவர் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்பம் இத்தனை நாளும் நான் என்ன செய்தேன்?"

"எப்பம் அடிக்கணும்னு சொன்னது நீங்க."

"அப்பம் நான் மேஸ்திரி" என்றார். "வேலை செய்தது வேற ஆளு."

அவர் சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை. நான் சொன்னதால் நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்றும் தெரியவில்லை. தண்டுகளைப் பொருத்திப் பலகையை இறக்கினேன். அன்று சாயங்காலம் அம்மா கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன். குளிர் முந்தைய நாளைவிடக் கூடுதல். அப்பா கஞ்சிக்கு முன் சாய்ப்புக்கு வந்து, பந்தை விட்டார். முதல் அடி மேலே எங்கோ போயிற்று. அடுத்தது இரண்டாம் மீனில். 'டக்'. மீன் அங்கே இல்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நான்காவது. அதன் பிறகு பந்து வலது மட்டைக்கே போய்க்கொண்டிருந்தது, அது வேறு கை, வேறு கணக்கு. திரும்பி இடதுக்கு வந்தபோது அப்பா அமுக்கத் தாமதமாகிப் பந்து நடுவே இறங்கிவிட்டது. இரண்டு மீன். கடைசி அடி ஏன் தாமதமானது, கையாலா, எதிர்பாராததாலா? எனக்கே அப்படித் தாமதமாவதுண்டு.

இன்னொரு பந்தை அவர் விடவில்லை. மெஷினை அணைத்துவிட்டுப் பலாமரத்தடிக்கு நடந்தார். அஞ்சு விழுந்தால்தான் தார்ப்பாயை எடுப்பேன் என்று கணக்கு வைத்தவர் அவர், அதை மாற்றுவதும் அவர்தான்; நான் பின்னால் போனேன். தார்ப்பாயின் முடிச்சை வலது கையால் அவிழ்த்தார். அதை விலக்கியபோது சருகும் தண்ணீரும் ஒரு தவளையும் விழுந்தன. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இடது கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து, விரல்களைக் கிளட்ச் லிவரில் சுற்றினார்.

"இது சுவிட்ச் இல்லெ" என்றார்.

அமுக்கினார். லிவர் பாதி வந்தது. பாதியில் நின்றது. அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. விட்டதும் லிவர் சட்டென்று திரும்பவில்லை, மெதுவாக, முந்தின நாள் மீன் இறங்கியது போல, நின்று நின்று திரும்பியது.

அதைப் பார்த்தது நான் மட்டுமல்ல.

"மக்கா" என்றார். "கேபிளா, கையா?"

மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டி. கேபிளுக்குள் துரு ஏறியிருக்கும், ஏறாமலும் இருக்கலாம். நான் குனிந்து என் இடது கையால் லிவரைப் பிடித்து அமுக்கினேன். எனக்கும் பாதிதான் வந்தது. ஆனால் நான் ஒருநாளும் ஆட்டோ ஓட்டியதில்லை. நல்ல கிளட்ச் எவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு இல்லாமல் என்ன சொல்வது?

"எனக்கும் வரல்லே" என்றேன். அது மட்டும் நிச்சயம்.

அம்மா அடுக்களை வாசலில் கிண்ணத்தோடு நின்றாள். "கொஞ்சம் எண்ணெ..." என்று தொடங்கியவளிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "வேண்டாம்!" என்றோம்.

அப்பா சிரித்தார். "கொல்லயில்காரனுக்கு போன் பண்ணி, இந்த ஞாயிறு வரண்டாம்னு சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். "அடுத்த ஞாயிறு பாக்கலாம்."

"அப்பம் குடுக்கோமா, இல்லையா?"

"அடுத்த ஞாயிறு பாக்கலாம்னு சொன்னேன்."

பிறகு சீட்டுக்கு அடியிலிருந்த டூல்ஸ் பையைக் காட்டினார். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். கிளட்ச் கேபிள் லிவரோடு சேரும் இடத்தில் வலது கையால் நட்டைத் திருகினார். கேபிள் கூடவே சுற்றியது. அதைச் சுற்றவிடாமல் யாராவது பிடிக்க வேண்டும். நான் கை நீட்டுவதற்குள் அவருடைய இடது கை போய் அதைப் பிடித்திருந்தது. அந்தக் கை இறுகப் பிடித்ததாலா, நட்டு தானே இளகியதாலா, எனக்குத் தெரியவில்லை, ஆனால் நட்டு திரும்பியது. நான், கழன்று வருகிற வாஷருக்காக உள்ளங்கையை அடியில் ஏந்திக்கொண்டு நின்றேன்.